மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மருந்து: பயப்பட வேண்டுமா?



தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசப்பட்டவை எழுத்து வடிவம் பெறும் இந்த வாரயிறுதிப் பக்கத்தில் இம்முறை என் உரை இடம்பெறுகிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ஈஸ்ட்ரோஜன். 'பெண்களுக்குரிய ஹார்மோன்' என்று இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போனோமே, அதுதான். நேரம் போதாமல் அரங்கத்தில் விட்டுப்போன சில செய்திகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு நிகழ்ச்சி படைக்க வந்தவள். தெரிந்தவர்களிடம் கேட்பதும் கேட்டதை எல்லாருக்கும் புரியும்படி சொல்வதும்தான் என் தொழில். ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்கலாம் என்பதற்கு உதவினால் போதும்.

பெண்கள் நலம் பற்றிய நிகழ்ச்சி என்றால் தொலைபேசியில் அழைக்கும் அம்மாக்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "நின்னு போச்சுமா" என்பார்கள். எது நின்றது என்று சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்க மாட்டோம். பிறகு மெதுவாக வரும்: இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் காந்துகிறது, தலையணை நனைகிறது, தூக்கம் இல்லை, மகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், பலரிடமிருந்து ஏறக்குறைய ஒரே பதில் வருகிறது: "ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. அது சாப்பிட்டா புற்றுநோய் வரும்னு பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னாங்க. நான் வாங்கவே இல்லை."

பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னதற்குப் பின்னால் உண்மையான ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நமக்குப் பொருந்தும் என்பதுதான் என் பேச்சு.

முதலில் இந்த ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது?

ஈஸ்ட்ரோஜன் என்பது தனி ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். குடும்பத்தில் முக்கியமானவர் எஸ்ட்ராடையோல். மாதவிடாய் வரும் வயதில் சூலகத்தில், அதாவது கருமுட்டைப் பையில், இது சுரக்கிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து எஸ்ட்ரியோல் நிறைய வரும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்புக் கொழுப்பிலிருந்து கொஞ்சம் எஸ்ட்ரோன் கிடைக்கும். அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இரத்தத்தில் எஸ்ட்ராடையோலைப் பைகோகிராம் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பைகோகிராம்.

இத்தனை சிறிய அளவு எப்படி வேலை செய்கிறது? பூட்டும் சாவியும் போலத்தான். உடம்பின் பல உறுப்புகளில் உள்ள உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜனுக்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. சாவி பொருந்தியதும் அந்த உயிரணு குறிப்பிட்ட வேலைகளைத் தொடங்கும். பூட்டு கருப்பையில் மட்டும் இருந்திருந்தால் கதை சுலபம். மூளை, எலும்பு, மார்பகம், கல்லீரல், இரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப் பாதை என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. மாதவிடாய் நின்றதும் ஒரு பெண்ணுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது போன்ற தொல்லைகள் வருவது இதனால்தான். "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்வார்கள். பிரமை இல்லை.

உடம்பு காந்துவதை எடுத்துக்கொள்வோம். நம் மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை 25 டிகிரியில் வைத்தால், சற்று ஏறினாலும் சற்று இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும் அல்லவா? ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் அந்தப் பொறுமை சுருங்கிவிடுகிறது. உடம்பின் வெப்பம் இம்மியளவு கூடினாலும், ஏதோ பெரும் வெப்பம் ஏறிவிட்டது போல, தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட்டு வியர்வையைக் கொட்ட வைக்கிறது. முகம் சிவந்து, மார்பு படபடத்து, சில நிமிடங்களில் அடங்கிவிடும். பிறகு குளிரும். இந்தக் கோளாறுக்குக் காரணமான மூளை நரம்பணுக்களை அறிவியலாளர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். அவற்றை மட்டும் அமைதிப்படுத்தும், ஹார்மோன் அல்லாத மாத்திரை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. ஃபெசோலினெட்டன்ட் என்பது அதன் பெயர்.

அடுத்தது, யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று. பெண்ணுறுப்பின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை ஒரு வகைச் சர்க்கரைச் சத்து சேமிக்கப்படுகிறது. அதை உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் போனதும் சுவர் மெலிகிறது, காய்கிறது, அமிலம் குறைகிறது. கிருமிகள் குடியேறுகின்றன. நம் வீட்டுப் பாட்டிக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நீர்க்கடுப்பு வருவதற்கும், கணவனும் மனைவியும் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகிப் படுப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். உடம்பு காந்துவது சில ஆண்டுகளில் தானாகக் குறையலாம். இந்த வறட்சி அப்படிக் குறைவதில்லை, வயதோடு கூடும்.

பிறகு எலும்பு. எலும்பு கல் போல அசையாத பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓயாத கட்டுமான வேலை. ஒருபுறம் பழைய எலும்பை அரிக்கும் அணுக்கள், மறுபுறம் புதிதாகக் கட்டும் அணுக்கள். அரிக்கும் கூட்டத்தை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும், முக்கியமாக முதல் சில ஆண்டுகளில், கட்டுவதைவிட அரிப்பது வேகமாகிறது. வலி இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. குளியலறையில் வழுக்கி விழும் அன்றுதான் தெரியும். பால்மரம் சீவிய பாட்டியின் கூன் முதுகைப் பார்த்து, "அந்தக் காலத்தில் அவ்வளவு உழைப்பு" என்று பெருமையாகச் சொல்வோம். உழைப்பும் இருக்கலாம். ஆனால் பல பாட்டிகளுக்கு அந்தக் கூன், முதுகெலும்புகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நொறுங்கியதால் வந்தது. நம் நாட்டில் 50 வயதைத் தாண்டியவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளை இனவாரியாகப் பார்த்த ஆய்வில், சீனரும் இந்தியரும் மலாய்க்காரரைவிட அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்கள் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994-இல் ஒரு மருத்துவ ஏடு ஓர் அமெரிக்க இளைஞரைப் பற்றி எழுதியது. வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் சரியாகத்தான் இருந்தது. பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜனுக்கான பூட்டு பழுது. அதனால் எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடவில்லை, எலும்பு வயதானவர்களுக்குப் போல மெலிந்திருந்தது. ஆண்களின் எலும்பையும் உறுதியாக்குவது இந்தப் 'பெண் ஹார்மோன்'தான் என்பது அந்த ஒரு மனிதரால் வெளிச்சத்துக்கு வந்தது.

குதிரையின் சிறுநீரில் வந்த மருந்து

இனி மருந்துக்கு வருவோம். 1923-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றியின் சூலகத்திலிருந்து எடுத்த நீரில் இந்த ஹார்மோனின் வேலையைக் கண்டார்கள். 1929-இல் டாய்சி கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஒன்றைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் அடால்ஃப் புட்டனான்டும் பிரித்தெடுத்தார். பெரிய அளவில் மருந்து தயாரிக்க மனிதச் சிறுநீர் போதாதல்லவா? கருவுற்ற குதிரைகளின் சிறுநீரை நாடினார்கள். 1942-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'பிரெமரின்' என்ற மாத்திரையின் பெயரே 'கருவுற்ற குதிரையின் சிறுநீர்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களிலிருந்து வெட்டி ஒட்டியதுதான்.

1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு பற்றாக்குறை நோய், மாத்திரை சாப்பிட்டால் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. மாத்திரையும் விற்றது. அவருக்குப் பின்னால் மருந்து நிறுவனத்தின் பணம் இருந்தது பிறகுதான் வெளிவந்தது. இளமை திரும்பும் என்று சொல்லி நம்மிடம் இன்று நேரடி விற்பனையில் கொண்டுவரும் பொட்டலங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாணி மாறவில்லை.

விளைவு 1975-இல் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு கூடியிருப்பதை இரண்டு ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. மாதச் சுழற்சியில் உட்சுவரை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன், அதைக் கட்டுப்படுத்தி உதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கொடுக்காவிட்டால் புல் வளர்ந்துகொண்டே போகும், வெட்டுவார் இல்லை. அன்றிலிருந்து கருப்பை உள்ள பெண்ணுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

செயற்கை ஈஸ்ட்ரோஜனின் கதை இன்னும் வேதனையானது. 1938-இல் இலண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய டி.இ.எஸ். என்ற மலிவான மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் பயனில்லை என்று 1953-லேயே சிக்காகோவில் ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை. 1971-இல்தான், வயிற்றில் இருந்தபோது அந்த மருந்துக்கு ஆளான மகள்கள் வளர்ந்து இளம் வயதிலேயே அபூர்வமான பெண்ணுறுப்புப் புற்றுநோயுடன் வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஹார்மோன் என்றால் பயம் வருவதற்கு இப்படி நியாயமான காரணங்கள் உண்டு.

2002 ஜூலையில் நடந்தது என்ன?

பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்ன செய்தி இந்தத் தேதியில்தான் பிறந்தது. அமெரிக்க அரசின் நிதியில் நடந்த மிகப் பெரிய ஆய்வு அது. கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எட்டரை ஆண்டு நடக்க வேண்டியது, சராசரி 5.2 ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. 'மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு அதிகரிப்பு' என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. தொலைக்காட்சிக்காரர்களான எங்களுக்கும் அதில் பங்குண்டு, 26 விழுக்காடு என்பது திரையில் நன்றாக எடுபடும் எண். பல நாடுகளில் பெண்கள் ஒரே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். விற்பனை மளமளவென்று சரிந்தது.

அந்த 26 விழுக்காட்டை மனிதர்களாக எண்ணிப் பார்ப்போம். 10,000 பெண்கள் ஓர் அரங்கத்தில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாருமே மாத்திரை சாப்பிடாவிட்டாலும் ஓர் ஆண்டில் அவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எல்லாரும் சாப்பிட்டால் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். பக்கவாதத்திலும் கூடுதல் 8 பேர், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைப்பதில் 8 பேர், மாரடைப்பில் 7 பேர். மறுபக்கம், பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்குக் குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. மொத்த மரணத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. 8 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எட்டில் ஒருவர் நம் அக்காவாக இருந்தால் அது முழு எண்ணிக்கை. ஆனால் 26 என்று கேட்கும்போது மனதில் தோன்றும் படமும் இதுவும் ஒன்றல்ல.

இன்னொரு விவரத்தைத் தலைப்புச் செய்திகள் விட்டுவிட்டன. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. நம் நிகழ்ச்சிக்கு அழைத்து உடம்பு காந்துகிறது என்று சொல்லும் அம்மாவுக்கு 49 அல்லது 51. மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து ஆண்டு ஆகி, இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்த பிறகு புதிதாக ஹார்மோன் கொடுப்பது வேறு. நின்ற புதிதில், குழாய்கள் நன்றாக இருக்கும்போது தொடங்குவது வேறு. அதே ஆய்வின் விவரங்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் தெரிந்தது. இன்று பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் சொல்வது இதுதான்: வயது 60-க்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள், தொல்லை அதிகமாக இருந்து வேறு தடை இல்லாவிட்டால், பெரும்பாலோருக்கு நன்மை தீமையைவிட அதிகம்.

கருப்பையை அகற்றிய 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த இணை ஆய்வு ஒன்றும் நடந்தது. அது 2004-இல் நிறுத்தப்பட்டது, பக்கவாதம் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 12 கூடியிருந்ததால். ஆனால் அங்கே மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைந்திருந்தது. 2020-இல் வந்த நீண்டகாலத் தொடர் ஆய்விலும் அந்தக் குறைவு உறுதியானது. ஆகவே 'ஹார்மோன் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய்' என்ற ஒற்றை வாக்கியம் எந்த ஹார்மோன் என்று கேட்காமல் நிற்காது.

2003 முதல் மருந்துப் பெட்டிகளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்திருந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2025 நவம்பரில் இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்ட எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. கருப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை மட்டும் தனி ஈஸ்ட்ரோஜன் மருந்துக்குத் தொடரும். அறிவிப்பு வந்ததும் சிலர் பழைய வில்சன் காலத்துக்கே போய்விட்டார்கள். எல்லாப் பெண்ணும் சாப்பிடலாம், இதயம் காக்கும், மூளை காக்கும் என்கிறார்கள். அந்த அறிவிப்பில் நன்மைகளை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் சிலரே கண்டித்திருக்கிறார்கள். எந்தத் தொல்லையும் இல்லாத பெண், பிற்கால நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் சாப்பிட வேண்டாம் என்று 2022-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு கொடுத்த பரிந்துரை என் பார்வையில் நிதானமானது.

மாத்திரை மட்டுமா?

விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தம் உறைவதற்கான பொருள்களைச் சற்று அதிகம் தயாரிக்க வைக்கிறது. இரத்தக் கட்டி அபாயம் வருவது இந்த வழியில்தான். தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் ஜெல்லாகவோ எடுத்தால் ஹார்மோன் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே இரத்தத்தில் கலக்கிறது. உடல் பருமன், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதை விரும்புவது அதனால்தான். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் நம் இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே மாத்திரைக்குப் பதில் பட்டை உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் உடம்பு முழுவதற்கும் மருந்து தேவையில்லை. பெண்ணுறுப்பில் வைக்கும் சிறு மாத்திரையோ கிரீமோ போதும். இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எழுபது வயதுவரை எரிச்சலோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எடுக்கக்கூடாதவர்கள் யார்? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்தவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்து, பிறகு ஒரு துளி இரத்தம் தென்பட்டாலும், "பழையபடி வந்துவிட்டது" என்று பேசாமல் இருக்காதீர்கள். அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மார்பகப் புற்றுநோய்க்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் உள்ள உறவு ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் தெரிந்தது. 1896-இல் ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சூலகத்தை அகற்றியதும் முற்றிய மார்பகக் கட்டி சுருங்கியதாக எழுதினார். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனை உணவாகக் கொள்பவை. பூட்டுத் துளையை அடைத்து வைத்தால் சாவி நுழையாது என்ற யோசனையில் வந்ததுதான் தமோக்சிஃபென் மாத்திரை. ஆரம்பத்தில் அது கருத்தடைக்காக ஆராயப்பட்ட பொருள், அதில் தோற்றது. 1970-களில் புற்றுநோய் மருந்தாகி எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மாத்திரை எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். கருப்பையிலும் அப்படித்தான், அதனால்தான் அதைச் சாப்பிடுகிறவர்கள் இரத்தப்போக்கு கண்டால் உடனே சொல்ல வேண்டும். "ஹார்மோன் மாத்திரை ஆபத்து" என்று கேள்விப்பட்டு, தமோக்சிஃபெனும் ஹார்மோன்தானே என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியதாக ஒரு நேயர் சொன்னபோது அரங்கத்தில் இருந்த மருத்துவர் பதறிப்போனார். அது ஹார்மோனைத் தடுக்கும் மருந்து. நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் விகிதத்தில் சீனப் பெண்களுக்கு அடுத்து இந்தியப் பெண்கள்தான். ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கே வருகிறார்கள்.

தெம்பே, தௌஹூ சாப்பிட்டால் போதுமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற, ஆனால் மிகவும் வலுவற்ற பொருள் இருப்பது உண்மை. உடம்பு காந்துவதைச் சிலருக்குச் சற்றுக் குறைக்கலாம், பலருக்கு ஒன்றும் செய்யாது. நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடுங்கள். கச்சிப் ஃபாத்திமா போன்ற மூலிகைகளைப் பல தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், மெனோபாஸ் தொல்லைக்கு அவை உதவும் என்று உறுதிப்படுத்தும் அளவுக்கு மனிதர்களிடம் ஆய்வு நடக்கவில்லை. எதை வாங்கினாலும் பெட்டியில் சுகாதார அமைச்சின் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணும் பளபளக்கும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருப்பையா, சூலகமா?

அரங்கத்தில் நேரமில்லாமல் போன பகுதி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

நம்மவர்கள் "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கருப்பையை மட்டும் எடுத்தார்களா, இரண்டு பக்கச் சூலகத்தையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. கருப்பை மட்டும் போனால் மாதவிடாய் வராது, ஆனால் சூலகம் இருக்கும் வரை ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும். சூலகம் இரண்டும் போனால், அறுவை சிகிச்சை முடிந்த சில நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் விழுந்துவிடும். இயற்கை பல ஆண்டு எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்வதை அறுவைக் கத்தி ஒரே பகலில் செய்துவிடுகிறது.

இது 38 வயதில் நடந்தால்? மலேசியப் பெண்களுக்கு 50 வயதை ஒட்டித்தான் இயற்கையாக மாதவிடாய் நிற்கிறது. அந்தப் பெண்ணின் எலும்பும் இதயமும் மூளையும் பன்னிரண்டு ஆண்டு முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜனை இழக்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வுகளில், 45 வயதுக்கு முன் இரு சூலகங்களையும் இழந்து, ஹார்மோனும் எடுத்துக்கொள்ளாத பெண்களிடையே இறப்பு கூடியிருந்தது. மாதவிடாய் நிற்கும் முன்பே சூலகத்தை இழந்தவர்களுக்கு மறதிநோய் அபாயமும் கூடியிருந்தது, ஆனால் 50 வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த அபாயம் கூடவில்லை. அறுவை இல்லாமலேயே 40 வயதுக்கு முன் சூலகம் ஓய்ந்துபோகும் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

2002-ஆம் ஆண்டுப் பயத்தை இவர்கள் மேல் ஏற்றியதுதான் பெரிய அநியாயம். சராசரி 63 வயதுப் பெண்களிடம் கண்ட முடிவைக் கேட்டு 38 வயதுப் பெண் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அவருக்குக் கொடுப்பது கூடுதல் ஹார்மோன் அல்ல, அவர் வயதுப் பெண்ணுக்கு உடம்பிலேயே இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய 50 அல்லது 51 வரை, அதை எடுத்துக்கொள்ளும்படிதான் வழிகாட்டிகள் சொல்கின்றன. மாதவிடாய் நிற்பது பற்றி நம் நாட்டுக்கென்றே ஒரு மருத்துவ வழிகாட்டி 2022-இல் வெளிவந்துள்ளது. ஆகவே அரசாங்கக் கிளினிக்கில் இதைக் கேட்பது புதுமையான கேள்வி அல்ல.

இளம் வயதில் அறுவை செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த கடிதத்தைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அறுவை செய்த மருத்துவமனையில் மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதில் சூலகம் ஒன்றா, இரண்டுமா, எதுவும் எடுக்கவில்லையா என்று எழுதியிருக்கும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தோடு போனால் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே உங்களோடு பேசத் தொடங்கிவிடலாம்.